முகாம் வானுக்குக் கரண்ட்: சோலாரா, ஜெனரேற்றரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வாகன வயரிங் வேலை செய்கிற எனக்கு இப்போது ஒரு புதுவகைக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஹையேஸ் வானின் பின் இருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டில் அடித்து, குடும்பத்தோடு காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலோ வடமராட்சி மணற்காட்டிலோ திருகோணமலையிலோ இரண்டு மூன்று இரவு தங்கப் போகிறவர்கள் கேட்கிறார்கள். விடுமுறைக்கு வரவிருக்கும் வெளிநாட்டுச் சொந்தங்கள் வைபரில் கேட்பதும் அதுவேதான். தனித்தனியே சொல்லி அலுத்ததால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"அண்ணை, ஒரே சொல்லிலை சொல்லுங்கோ. சோலாரோ, ஜெனரேற்றரோ?"

லைற், ஃபான், போன், சின்ன 12 வோல்ற்று பிரிட்ஜ், இவ்வளவுதான் என்றால் சோலாரும் நல்ல பற்றரியும் போதும். ஏசி இல்லாமல் நித்திரை வராது என்றால் ஜெனரேற்றர். சமையலுக்கு இரண்டையும் நம்பாதீர்கள், சின்னக் காஸ் அடுப்பைக் கொண்டு போங்கள்.

ஜெனரேற்றர் விலையை விசாரித்துக்கொண்டு வருகிறவர்களில் அநேகர் உண்மையில் முதல் வகையைச் சேர்ந்தவர்கள். கரண்ட் இல்லையென்றால் ஜெனரேற்றர் என்று எங்களுக்குப் பழகிவிட்டது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போன மின்வெட்டு, எல்லாவற்றிலும் அதன் சத்தத்தைத்தானே கேட்டோம். வானுக்குள் படுத்து எழும்புவதற்கு அவ்வளவு பெரிய சாமான் தேவையா என்பதை அடுத்த கேள்வியில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"எனக்கு எவ்வளவு கரண்ட் வேணும் எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?"

ஒவ்வொரு சாமானின் அடியிலும் வாற்று போட்டிருக்கும். அதை ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் பாவிப்பீர்களோ அதால் பெருக்குங்கள். 5 வாற்று எல்ஈடி லைற் மூன்று, ஐந்து மணித்தியாலம்: 75. 20 வாற்று 12 வோல்ற்று ஃபான் இரண்டு, இரவு ஒன்பது மணித்தியாலம்: 360. நாலு போன் சார்ஜ் பண்ண ஏறத்தாழ 60. கம்பிரசர் உள்ள 40 லீற்றர் 12 வோல்ற்று பிரிட்ஜ் எங்கள் வெக்கைக்கு ஒரு நாளில் 500 வரை எடுக்கும். எல்லாம் கூட்டினால் 1000 வாற்று மணிக்குப் பக்கத்தில் வரும். வீட்டுக் கரண்ட் பில்லில் அது ஒரு யூனிட். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் என்பதை மனதில் வைத்திருங்கள், கீழே பல இடங்களில் அது வரும்.

வீட்டு மேசை ஃபானைத் தூக்கிக்கொண்டு போனால் கணக்கு உடனே மாறும். அது 50 வாற்று எடுக்கும், பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேர்ட்டரும் அதற்கு வேண்டும். 12 வோல்ற்று ஃபான் நேரே பற்றரியில் ஓடும். முதலில் சாமானை மாற்றுங்கள், பிறகு பனல் வாங்குங்கள்.

"அப்ப எத்தினை வாற்று பனல் போடோணும்?"

அந்த ஒரு யூனிட்டுக்கு 300 வாற்று. யாழ்ப்பாணத்தில் நல்ல வெயில் காலத்தில் ஒரு நாளின் முழு வெயிலையும் சுருக்கினால், உச்சி வெயில் ஐந்து மணித்தியாலம் அடித்ததற்குச் சமனாக வரும். 300 ஐ 5 ஆல் பெருக்கினால் 1500. அதில் மூன்றில் ஒரு பங்கு சூட்டிலும் தூசியிலும் வயரிலும் போய்விடும், மிச்சம் ஒரு யூனிட். பனலில் எழுதியிருக்கும் வாற்று, அது 25 பாகைச் சூட்டில் இருக்கும்போது தருவது. வான் கூரையில் மத்தியானம் 60 பாகையைத் தாண்டும். அதிலேயே நூற்றுக்கு 12, 15 போய்விடும். அதனால் பனலைக் கூரையோடு ஒட்டாமல், அடியால் காற்றுப் போக இரண்டு அங்குல இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள்.

"சாய்வாப் போடோணுமோ?" என்றும் கேட்பார்கள். வேண்டாம். நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் உள்ளே. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். மட்டமாகப் பூட்டிய பனல் இங்கே பெரிதாக இழக்காது. ஐரோப்பாவில் இருக்கிறவர்கள் அனுப்பும் காணொளிகளில் பனலை நிமிர்த்தி வைப்பது அவர்களின் சூரியனுக்கு.

"பகலிலை பனல் சரி. இரவுக்கு? வானிலை இருக்கிற பற்றரி காணாதோ?"

காணாது, அதைத் தொடவும் வேண்டாம். வான் பற்றரி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுவதற்காகச் செய்தது. ஒரு சில செக்கன் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்புவதுதான் அதன் வேலை. இரவு முழுக்க ஃபானை ஓட்டி அடிமட்டத்துக்கு இறக்கினால் கொஞ்ச நாளில் செத்துப்போகும். காலையில் வானும் ஸ்டார்ட் ஆகாது, மணற்காட்டில் தள்ளுவதற்கு ஆளும் கிடைக்காது.

தனிப் பற்றரி வேண்டும். ஈயப் பற்றரியென்றால் 'டீப் சைக்கிள்' என்று போட்டிருப்பதை எடுங்கள். அதிலும் பாதியைத்தான் பாவிக்கலாம். 12 வோல்ற்று 100 அம்பியர் மணிப் பற்றரியில் 1200 வாற்று மணி இருந்தாலும் கைக்கு வருவது 600. ஒரு யூனிட்டுக்கு இரண்டு வேண்டும், இரண்டும் சேர்த்து 60 கிலோ அளவில் பாரம். எல்எஃப்பி என்று போட்டிருக்கும் லித்தியம் பற்றரி அதே 100 அம்பியர் மணிக்குப் 12 கிலோ அளவுதான் வரும், நூற்றுக்கு 80, 90 வரை பாவிக்கலாம், ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். வாங்கும்போது கை சுடும். ஆனால் எங்கள் வெக்கையில் ஈயப் பற்றரியின் ஆயுள் இன்னும் குறையும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அடிக்கடி போகிறவர்களுக்கு லித்தியம்தான் மலிவு. வருடத்தில் ஒரு தடவை மட்டும் போகிறவர் ஈயத்தோடு சமாளிக்கலாம்.

சிக்கனம் பார்க்கிறவர்கள் பனலில் பார்க்கலாம், பற்றரியில் பார்க்கக்கூடாது. ஜெனரேற்றர் எடுக்கிறவருக்கும் பற்றரி வேண்டும். ஏன் என்பது கீழே பெற்றோல் கணக்கில் வரும்.

"கசூரினாவிலை சவுக்குக்குக் கீழை நிப்பாட்டினா சோலார் வேலை செய்யுமோ?"

செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கசூரினாவுக்குப் போவதே அந்த நிழலுக்காகத்தான். பனலுக்கோ நிழல்தான் எதிரி. சவுக்கு ஊசி நிழல் ஐதாகத் தெரிந்தாலும் பனல் முழுக்கப் பரவுவதால் வரவு ஒரேயடியாக விழுந்துவிடும்.

பனை நிழல் இன்னொரு விதம். வழக்கமான 12 வோல்ற்றுப் பனலில் 36 கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும், பாதிக்குப் பாதி இரண்டு கூட்டமாக. ஒரு கலம் இருட்டுப் பட்டாலே அந்தக் கூட்டம் முழுவதற்கும் கரண்ட் போக வழி அடைபடும். பனலுக்கும் பற்றரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். வெறும் வெயிலில் 8 அம்பியர் காட்டிக்கொண்டிருக்கும் அதன் திரையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். பனையோலையின் கையகல நிழல் ஒன்று பனலின் ஒரு மூலையில் ஏறும். எண் 4 க்கு இறங்கும். காற்றில் ஓலை விலகினால் 8, திரும்ப வந்தால் 4. பனலில் பத்தில் ஒரு பங்குகூட மறைந்திருக்காது. காக்கை எச்சமும் அதே வேலையைச் செய்யும்.

அதனால் கூரையில் ஒரு பனல், கையில் மடக்குப் பனல் ஒன்று என்று பிரித்து வையுங்கள். வான் நிழலில் நிற்கட்டும், மடக்குப் பனலை பத்து மீற்றர் வயரோடு வெயிலில் விரியுங்கள். வயர் மெல்லிசாக இருக்கக்கூடாது, 6 சதுர மில்லிமீற்றர் எடுங்கள். வைகாசி முதல் சோளகம் என்ற தென்மேல் காற்று அடிக்கும் காலத்தில் பனலின் நாலு மூலையையும் கட்டாமல் கடற்கரையில் விரித்தால் அது உங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். கூரையில் இரண்டு பனல் போடுகிறவர்கள் அவற்றை நேர் முனையோடு நேர், எதிர் முனையோடு எதிர் என்று சமாந்தரமாக இணைக்கச் சொல்லுங்கள். ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றதாவது முழுசாக உழைக்கும்.

"கார்த்திகை முழுக்க மழையெல்லோ, அப்ப என்ன செய்யிறது?"

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் எங்கள் ஆண்டு மழையின் பெரும் பங்கு கொட்டுகிறது. அந்த மாதங்களில் 300 வாற்று பனலிலிருந்து அரை யூனிட் வந்தால் நல்ல நாள். கருமுகில் மூடி அடைமழை பிடித்தால் அதிலும் பாதி. சோலாரை மட்டும் நம்பிப் போனால் இரண்டாம் நாள் பிரிட்ஜை நிறுத்த வேண்டி வரும். ஃபான் அந்தக் குளிருக்குத் தேவைப்படாது என்பது ஒரு ஆறுதல்.

மாரியில் ஊர் சுற்றியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த பதில்தான் முதல் வழி. அதற்கும் பிறகுதான் ஜெனரேற்றர்.

"வான் ஓடேக்கை பற்றரி சார்ஜ் ஆகாதோ?"

ஆகும். சோலாரா ஜெனரேற்றரா என்று சண்டை பிடிக்கிறவர்கள் மறந்துபோகும் மூன்றாவது வழி இது. வானிலேயே ஒரு டைனமோ இருக்கிறது. ஸ்டார்ட் பற்றரிக்கும் தனிப் பற்றரிக்கும் நடுவே டிசி-டிசி சார்ஜர் ஒன்றைப் பூட்டினால், எஞ்சின் ஓடும்போது மட்டும் தனிப் பற்றரிக்குக் கரண்ட் போகும், எஞ்சின் நின்றதும் தானாகத் துண்டித்துக்கொள்ளும். 30 அம்பியர் சார்ஜர் ஒரு மணித்தியாலத்தில் 350 வாற்று மணிக்கு மேல் ஏற்றும். திருகோணமலைக்கு ஐந்து மணித்தியால ஓட்டம் என்றால் 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி வெறுமையிலிருந்து நிரம்பிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து காரைநகர் வரைக்குமான ஓட்டத்தில் போன்களுக்கும் லைற்றுக்கும்தான் காணும்.

நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விட்டு சார்ஜ் ஏற்றுவது டீசலுக்குப் பிடித்த கேடு. தனிப் பற்றரியை நேரே வயரால் ஸ்டார்ட் பற்றரியோடு முடிந்துவிடும் வேலையும் வேண்டாம். லித்தியம் பற்றரி வெறுமையாக இருந்தால் அளவில்லாமல் இழுத்து டைனமோவையே சுட்டுவிடும்.

"ஜெனரேற்றர் எண்டால் எத்தினை கேவிஏ எடுக்கிறது?"

பெட்டியில் கேவிஏ அல்லது கிலோவாற்று என்று இரண்டு எண் இருக்கும். பெரிய எழுத்தில் போட்டிருப்பது கொஞ்ச நேரம் தாங்கும் உச்சம். சின்ன எழுத்தில் 'ரேட்டட்' என்று இருப்பதே தொடர்ந்து தருவது, அதைப் பாருங்கள். ஏசி இல்லாத வானுக்கு ஒரு கிலோவாற்று இன்வேர்ட்டர் வகை ஜெனரேற்றர் மிச்சம். ஒரு கையால் தூக்கலாம், பாரம் 13, 14 கிலோதான். ஏசிக்கு இரண்டு கிலோவாற்று வேண்டும், கம்பிரசர் தொடங்கும்போது ஓடும் வாற்றின் இரண்டு மூன்று மடங்கு ஒரு கணம் இழுக்கும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் திறந்த சட்டம் போட்ட ஜெனரேற்றர் வீட்டு மின்வெட்டுக்கும் கட்டட வேலைக்கும் சரி. வானோடு கொண்டு போனால் உங்கள் நித்திரையும் போய், பக்கத்தில் தங்கியவர்களின் நித்திரையும் போகும். எஞ்சின் எப்போதும் ஒரே வேகத்தில் கத்தும். இன்வேர்ட்டர் வகையில் பாரம் குறைந்தால் எஞ்சின் வேகமும் இறங்கும், சத்தமும் பெற்றோலும் குறையும், கரண்டும் சுத்தமாக வரும்.

நுவரெலியாவுக்குக் கொண்டு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் எஞ்சினின் வலு ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஊரில் ஏசியை மட்டுமட்டாக ஓட்டிய ஜெனரேற்றர் அங்கே திணறும். நுவரெலியாவில் ஏசி எதற்கு என்பது வேறு கேள்வி.

"இரவு முழுக்க ஓட விட்டால் எவ்வளவு பெற்றோல் குடிக்கும்?"

நல்ல சின்ன ஜெனரேற்றரே சும்மா ஓடும்போது மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிலீற்றர் குடிக்கும். இரண்டு ஃபானுக்கும் ஒரு லைற்றுக்குமாகப் பத்து மணித்தியாலம் ஓட விட்டால் மூன்று லீற்றர் போகும். அவ்வளவு நேரமும் அது தந்த கரண்ட் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக் கரண்ட் பில்லில் இதற்கு என்ன கட்டுவீர்கள் என்று பாருங்கள்.

அதே ஜெனரேற்றரைப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓட்டி, 40 அம்பியர் சார்ஜரால் பற்றரியை ஏற்றினால் ஒரு லீற்றர் அளவில் ஒரு யூனிட் கிடைக்கும். இரவு சத்தமில்லாமல் பற்றரியில் படுக்கலாம். ஜெனரேற்றர் எடுக்கிறவருக்கும் பற்றரி வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

பெற்றோல் விலை மாதா மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு இங்கே போடவில்லை. விலையை விட, கிடைக்குமா என்பதைத்தான் நான் யோசிப்பேன். 2022 இல் கானில் பெற்றோல் தருவதையே நிறுத்தினார்கள், பிறகு கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். அந்த மாதங்களில் வீடுகளில் எத்தனையோ ஜெனரேற்றர்கள் சும்மா கிடந்தன.

"மழை பெய்யுது. ஜெனரேற்றரை வானுக்குள்ளை வைச்சு, பின்கதவைத் திறந்து விட்டு ஓட்டலாமோ?"

கூடவே கூடாது. கதவு திறந்திருந்தாலும், யன்னல் திறந்திருந்தாலும், கூடாரத்தின் வாசலில் வைத்தாலும் கூடாது. ஜெனரேற்றர் புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. மணம் இல்லை, நிறம் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, சத்தி என்று தொடங்கும். நித்திரையில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது, எழும்பவே மாட்டார்.

குறைந்தது ஆறு மீற்றர் தள்ளி, புகைக்குழாய் வானுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, காற்று வீசும் திசையையும் பார்த்து வையுங்கள். இரவில் காற்றுத் திசை மாறும். மழைக்கு நாலு பக்கமும் திறந்த சின்னக் கொட்டகை போடலாம், படங்கால் மூடிக் கட்டக்கூடாது. நனைந்த கையோடு செருகியைத் தொடாதீர்கள். பெற்றோல் ஊற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி ஆற விடுங்கள். ஜெனரேற்றர் வாங்கும் அன்றே காபனோரொட்சைட்டு அலாரம் ஒன்றும் வாங்கி வானுக்குள் தலைமாட்டில் ஒட்டுங்கள். அதை வாங்க மனமில்லாதவருக்கு நான் ஜெனரேற்றருக்கான வயரிங் செய்து கொடுப்பதில்லை.

"தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மெசின் மண்ணெண்ணெயிலை ஓடுது. ஜெனரேற்றரையும் அப்பிடி ஓட்டேலாதோ, தம்பி?"

வயதானவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி மெசின் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர்கள். அவர்களுக்கு ஏலாது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அந்தப் பம்ப் எஞ்சின்கள் மண்ணெண்ணெய்க்கென்றே அமுக்கம் குறைத்துச் செய்தவை. இப்போதைய இன்வேர்ட்டர் ஜெனரேற்றர் பெற்றோலுக்கு மட்டும். மண்ணெண்ணெய் விட்டால் சரியாக எரியாது, எஞ்சின் தட்டும், கரி பிடிக்கும், எண்ணெயில் கலந்து அதையும் கெடுக்கும்.

"பிள்ளையள் கனடாவிலை இருந்து வருதுகள், ஏசி இல்லாமல் படுக்காதுகள். சோலாரிலை ஏசி போடேலாதோ?"

கணக்கில் முடியும், கூரையில் முடியாது. சின்ன ஏசியே இரவு எட்டு மணித்தியாலத்தில் நாலு ஐந்து யூனிட் எடுக்கும். அதற்கு 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி நாலு ஐந்தும், 1,200 வாற்றுக்கு மேல் பனலும் வேண்டும். ஹையேஸ் கூரையில் 400, மிஞ்சினால் 600 வாற்று போடலாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்காக வருடத்தில் இரண்டு கிழமை ஏசி என்றால், அந்த இரண்டு கிழமைக்கு ஜெனரேற்றரை வாடகைக்கு எடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகளை ஏசி உள்ள அறையில் விட்டுவிட்டு நீங்கள் வானில் படுங்கள்.

ஏசிக்குப் போகுமுன் செய்யக்கூடியவை இருக்கின்றன. கூரையின் உட்பக்கம் வெப்பத் தடுப்பு, யன்னலுக்கு நுளம்பு வலை, கூரையில் காற்றை வெளியே இழுக்கும் 12 வோல்ற்று ஃபான். கடற்கரையில் இரவு பத்து மணிக்குப் பிறகு இவை போதும். உள்நாட்டில், வன்னிப் பக்கம் வைகாசியில், போதாது.

"2000 வாற்று இன்வேர்ட்டர் மலிவா விக்கிறாங்கள். அதை வாங்கினா கேத்திலும் போடலாமெல்லோ?"

கேத்தில் தின்னும் கரண்ட் பெரிதல்ல, ஒரு லீற்றர் கொதிக்க 100 வாற்று மணி அளவில்தான். ஆனால் அதை ஐந்து நிமிடத்துக்குள் இழுத்து முடிக்கும். 12 வோல்ற்று பற்றரியிலிருந்து 2000 வாற்று எடுக்க 180 அம்பியர் ஓட வேண்டும். சாதாரண வீட்டு வயர் அதில் உருகிப்போகும், தனி 100 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று அதைத் தாங்காது. காஸ் அடுப்பில் தேத்தண்ணி வையுங்கள்.

வானுக்கு 300 முதல் 600 வாற்று வரையான, வீட்டுக் கரண்டைப் போலச் சுத்தமான அலை தரும் 'பியூர் சைன்' இன்வேர்ட்டர் போதும். மலிவாக வரும் 'மொடிஃபைட்' வகையில் ஃபான் உறுமும், சில சார்ஜர்கள் சூடேறும். எந்த அளவாக இருந்தாலும் பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். வானுக்குள் தீப்பிடித்தால் வெளியே வரக் கிடைக்கும் நேரம் குறைவு.

"மச்சான் கனடாவிலை இருந்து வாறார். பவர் ஸ்டேஷன் ஒண்டு கொண்டு வரச் சொல்லட்டோ?"

பற்றரி, இன்வேர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கும் சாமானைத்தான் பவர் ஸ்டேஷன் என்கிறார்கள். நல்ல சாமான்தான், ஆனால் மச்சானால் கொண்டு வர ஏலாது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பற்றரி 100 வாற்று மணி வரை கைப்பையில் போகலாம், 160 வரை விமானக் கம்பனியின் அனுமதியோடு. அதற்கு மேல் கைப்பையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. பவர் ஸ்டேஷன்களில் பெரும்பாலானவை 250 க்கு மேல். கட்டுநாயக்காவுக்கு வர முன்பே ரொறன்ரோவில் பறித்துவிடுவார்கள்.

கப்பலில் வந்தாலும் இன்னொரு சிக்கல். அங்கே விற்பது 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். யூஎஸ்பி வாயும் 12 வோல்ற்று வாயும் பிரச்சினையில்லை, உங்கள் 230 வோல்ற்று சாமான் ஓடாது. வீட்டுச் சுவரில் செருகிச் சார்ஜ் பண்ண முன், உள்ளே வரும் வோல்ற்று '100-240' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதல் நாளே புகை வரும். மடக்குப் பனலைக் கொண்டு வரச் சொல்லலாம், அதில் பற்றரி இல்லை.

"நெடுந்தீவுக்குப் போய் ரெண்டு நாள் நிக்கிறதெண்டால் எது நல்லம்?"

வான் குறிகாட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடும். பிறகு ஒரு மணித்தியால அளவில் படகு. ஆட்கள் நெருக்கிக்கொண்டு இருக்கும் படகில் பெற்றோல் கானைத் தூக்கிக்கொண்டு ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மடக்குப் பனலும், தோளில் போடக்கூடிய சின்னப் பற்றரிப் பெட்டியும் எடுங்கள். நெடுந்தீவின் பெரும்பகுதி கல்வேலியும் புல்வெளியுமாக இருப்பதால் பனலுக்கு வேண்டிய வெயில் தாராளம். குதிரைகள் மேயும் வெளியில் விரித்துவிட்டுத் தள்ளிப் போகாதீர்கள், மாடும் வரும்.

"அம்மா இன்சுலின் போடுறவ. பிரிட்ஜ் நிண்டிட்டால் என்ன செய்யிறது?"

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். பாவனையில் உள்ளதைப் பெரும்பாலும் நாலு கிழமை வரை வெளியே வைக்கலாம், ஆனால் 25 அல்லது 30 பாகைக்குள். எந்த எண் என்பது உறையில் இருக்கும். மூடிய வானுக்குள் மத்தியானம் அந்த அளவைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு ஒரு இன்சுலின் பேனாவை மட்டும் எடுத்து, தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் குளிர்ப்பையில் வைத்தால் கரண்ட் பற்றிய கவலையே இல்லை. பிரிட்ஜில் வைப்பதென்றால் உறைநிலைப் பக்கத்தோடு ஒட்டி வைக்க வேண்டாம், உறைந்த இன்சுலினைப் பாவிக்கக்கூடாது. நெபுலைசர் போன்ற கட்டாயம் ஓட வேண்டிய கருவி இருந்தால் மட்டும் நான் இரண்டாவது கரண்ட் வழி இல்லாமல் போக வேண்டாம் என்பேன்.

"உப்புக் காத்திலை எது கெதியாப் பழுதாகும்?"

ஜெனரேற்றர். பனலில் அசையும் பாகம் ஒன்றுமில்லை. அதன் இணைப்பு முனைகளும் ஆணிகளும்தான் கறள் பிடிக்கும், அதற்குத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி போட்டால் முடிந்தது. கண்ணாடியில் படியும் உப்பையும் செம்மண் தூசியையும் வெயில் ஏற முன் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, கழுவிவிட்டு அப்படியே காய விட்டால் கேத்திலுக்குள் பிடிப்பதுபோல வெள்ளைப் படை பிடிக்கும். துணியால் துடைத்துவிடுங்கள், அல்லது மழைத் தண்ணீரில் கழுவுங்கள்.

ஜெனரேற்றருக்கு முதல் 20 மணித்தியாலத்தில் ஒரு தடவை எண்ணெய் மாற்ற வேண்டும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மாதக்கணக்கில் சும்மா வைத்தால் காபரேற்றருக்குள் பெற்றோல் பிசினாகிவிடும். வைக்கும் முன் பெற்றோலை வடித்துவிடுங்கள். "போன வருசம் நல்லா ஓடினது, இப்ப ஸ்டார்ட் ஆகுதில்லை" என்று என்னிடம் வரும் ஜெனரேற்றர்களில் அநேகமானவற்றின் கதை இதுதான்.

"காத்து இவ்வளவு அடிக்குதே, சின்னக் காற்றாலை ஒண்டு பூட்டினால்?"

வேண்டாம். கம்பம் நட வேண்டும், அதிர்வு வானுக்குள் இறங்கும், மரங்களுக்கு நடுவே காற்றுச் சுழன்று ஒழுங்காக ஓடாது. அந்தக் காசுக்கு இன்னொரு பனல் வாங்கலாம்.

"ரெண்டையும் வைச்சிருந்தால் என்ன? காசு கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடேலும், முதல் எதை வாங்க?"

வைத்திருக்கலாம், வசதியிருந்தால் அதுதான் சரி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான மின்திட்டத்தைப் பாருங்கள். சூரியப் பனல், காற்றாலை, பற்றரி, அவற்றோடு உதவிக்கு நிற்க டீசல் ஜெனரேற்றர். தீவுக்கே அப்படித்தான் போடுகிறார்கள்.

காசு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும் என்றால் முதலில் லித்தியம் பற்றரியும் டிசி-டிசி சார்ஜரும் பியூஸ்களும். வீட்டில் நிரப்பிக்கொண்டு போய் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள், பிரிட்ஜ் இல்லாமல். எவ்வளவு செலவாகிறது என்று கையில் ஒரு எண் வரும். அதற்குப் பிறகு 150 வாற்று மடக்குப் பனல், பனல் தரக்கூடிய உச்சத்தைத் தேடி எடுக்கும் எம்பிபிடி வகைக் கன்ட்ரோலரோடு. கன்ட்ரோலரை மட்டும் 30 அம்பியராக எடுத்துவிடுங்கள், பிறகு கூரைப் பனல் சேர்க்கும்போது மாற்றத் தேவையில்லை. பிரிட்ஜும் கூரைப் பனலும் அதற்கு அடுத்தது. ஜெனரேற்றரைக் கடைசிக்கு விடுங்கள். மாரியில் போக வேண்டிய தேவை வந்தால் முதல் தடவை யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். ஊரில் ஜெனரேற்றருக்குப் பஞ்சமில்லை.